கல்யாண விறகு

அடுப்படி மூலையில் கூரைவரை அடுக்கியிருந்த விறகுக்குள்ளிருந்து, யாரோ வாயை மூடிக்கொண்டு அப்பளம் மெல்லுவது போல மெல்லிய 'கறுக் கறுக்' சத்தம் வந்துகொண்டிருந்தது. அதை முதன்முதலாகக் கேட்ட அன்று வீட்டில் அம்மா இருந்தாள், தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த ராசம்மா அக்கா இருந்தாள், ஒன்பது வயதுப் பையனான நான் இருந்தேன். அப்பா மட்டும் இல்லை. அவர் ஏற்காட்டுக்குப் போயிருந்தார். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் கைமிஷின் ஒன்றைத் தோட்டத்துச் சொந்தக்காரரான நவாப் சாகிப்புக்காக வாங்கிவரவும், அப்படியே சேலம் பக்கத்துச் சொந்தக்காரர்களைக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு வரவும் போனவர், திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருந்தார்.

சிக்கந்தராபாத்திலிருந்து போவன்பள்ளி தாண்டி, ஜீடிமெட்லா கிராமத்துக்குப் போகும் மண்பாதையில் இருந்தது அந்தத் தோட்டம். யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய காலம் அது. நவாப் சாகிப் ஒருமுறை மைசூர்ப் பக்கம் விருந்துக்குப் போய், அங்கே ஒரு தோட்டக்கார துரையின் வீட்டில் அவர் தோட்டத்துக் காப்பியையே குடித்துவிட்டு வந்தாராம். அன்றிலிருந்து தன் மாந்தோப்பு நிழலிலும் காப்பி வளர வேண்டும், தன் விருந்தாளிகளுக்கும் சொந்தக் காப்பி ஊற்ற வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஹைதராபாத் வெயிலில் காப்பியாவது வளர்வதாவது என்று எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பழைய மாமரங்களின் அடர்த்தியான நிழல் இருந்தது, மாடு கட்டி இறைக்கும் வற்றாத கிணறு இருந்தது, ஏற்காட்டு எஸ்டேட் கூலிகளின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்து, கண்டோன்மெண்டில் ஒரு துரை வீட்டுத் தோட்டக்காரராகப் பிழைத்துக்கொண்டிருந்த அப்பாவும் கிடைத்துவிட்டார். நாற்று வளரும்வரை காத்திருக்க நவாப் சாகிப்புக்குப் பொறுமையில்லை. வளர்ந்த செடிகளையே வேர்மண்ணோடு சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெரிய செடிகளையும், அவற்றைச் சுற்றி நட்ட கன்றுகளையும் மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியது அப்பாதான். நான்காம் வருஷம் செடிகள் மல்லிகைபோலப் பூத்தன. காய் பிடித்தது.

அந்தக் காய்மேல்தான் எங்கள் வீடு முழுக்க நின்றிருந்தது. முதல் அறுவடைக் காப்பி நவாப் சாகிப்பின் கோப்பைக்குப் போய்விட்டால், கிணற்றடியில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை ஓட்டு வீடு அப்பாவுக்கே 'பக்கா' ஆகிவிடும், மேஸ்திரி வேலையும் நிரந்தரம் என்று நவாப் சாகிப்பின் காரியங்களைப் பார்க்கும் முன்ஷி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் கேட்டுத்தான் லாலாகுடா ரயில்வே காலனியிலிருந்து அங்கம்மா அத்தை பெண் கேட்டு வந்தாள். அவள் என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை; அவள் மகன் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். "ஏண்ணே, நீ கூலிக்காரனா இருந்தப்ப உன் வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவ இப்ப வந்துட்டாளேன்னு நெனைக்காதே. நெனைச்சாலும் தப்பில்லே, அதான் நெசம்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நிச்சயம் செய்துகொண்டு போனாள். அக்கா அன்று முழுக்கக் கிணற்றடியில் ஒரே குடத்தைத் திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

காப்பிச் செடிக்கு எத்தனையோ பூச்சிகள் எதிரி. இலைக்கடியில் ஒட்டிக்கொள்ளும் பச்சைப் பேன் உண்டு; அதற்கு அப்பா சோப்புத் தண்ணீர் தெளிப்பார். ஆனால் அவர் பெயரைச் சொல்லவே தயங்குகிற எதிரி ஒன்றுதான். எஸ்டேட்டில் அதற்கு 'போரர்' என்று பெயர். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வண்டு, வெயிலில் பறந்துவந்து, தண்டின் பட்டை வெடிப்பில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் புழு பட்டைக்கடியில் புகுந்து, பிறகு நடுத்தண்டைத் தின்றுகொண்டே வேர்வரை இறங்கும். வெளியே தெரிவது பட்டையில் மெல்லிய ஒரு மேடு மட்டும், நரம்பு புடைத்த மாதிரி. இலை மஞ்சளாகித் தொங்கும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். மருந்து கிடையாது. மேடு தெரியும் செடியை வேரோடு பிடுங்குவது ஒன்றுதான் வழி.

நான் சொல்கிற வருஷம் புரட்டாசியில் அப்பா 'போரர் பார்க்க' இறங்கினார். வரிசை வரிசையாக, ஒவ்வொரு செடியின் முன்னும் குத்துக்காலிட்டு, குழந்தையின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் தண்டை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போனார். ரயிலில் வந்த பெரிய செடிகளில்தான் முதல் மேடு கிடைத்தது. பக்கத்து வரிசைகளிலும் கிடைத்தது. பச்சைப்பசேலென்று காயோடு நின்ற செடிகளை அவர் பிடுங்கிப்போட்டதைப் பார்த்து, பச்சைச் செடியை எதற்கு, வேண்டாம் வேண்டாம் என்று முன்ஷி தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"கைக்கு மேஸ்திரி! ஹரா ஜாட் கைக்கு? நக்கோ, நக்கோ!"

"அந்தர் கீடா ஹை, சாப்" என்று, உள்ளே புழு இருப்பதைச் சொன்னார் அப்பா. ஒரு தண்டைக் கத்தியால் பிளந்து, உள்ளே நெளிந்த வெள்ளைப் புழுவை முன்ஷியின் முகத்துக்கு நேரே நீட்டினார். முன்ஷி இரண்டு அடி பின்வாங்கி, "ஹவ், ஹவ், நிகாலோ" என்று பிடுங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதுவரை அப்பா செய்தது எல்லாம் சரி. எந்த எஸ்டேட் துரையும் இதைவிடச் சரியாகச் செய்திருக்கமாட்டார். பிடுங்கிய செடிகளை என்ன செய்வது என்ற இடத்தில்தான் எங்கள் வாழ்க்கை திரும்பியது.

ஏற்காட்டில் பிடுங்கிய போரர் கட்டைகளை அன்றன்றைக்கே குழியில் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். ஒரு குச்சியைக்கூட லயத்துக்கு எடுத்துப்போகவிட மாட்டார்கள். மார்கழிக் குளிரில் லயத்தில் பிள்ளைகள் பல் கிட்டித்துக் கிடக்கும். கண்ணெதிரே வண்டி வண்டியாக நல்ல வைரம் பாய்ந்த கட்டை வீணாக எரியும். அப்பாவின் அண்ணன் ஒருமுறை சேலை மடிப்பில் சுற்றிக் கொடுத்து, பெரியம்மா கையில் ஒரு சின்னக் கட்டு அனுப்பினாராம். பிடிபட்டு, இருவருக்கும் ஒரு வாரக் கூலி போயிற்று. ஏன் கொளுத்துகிறார்கள் என்று துரை சொல்லவில்லை. கங்காணிக்குச் சொன்னாரோ என்னவோ, கங்காணி கூலிகளுக்குச் சொல்லவில்லை. கூலிகள் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: துரைக்குக் கஞ்சத்தனம், நாம் குளிர்காய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. செடி செத்தால் உள்ளே இருக்கும் புழுவும் பட்டினியில் செத்துவிடும் என்றுதான் லயத்தில் எல்லாரும் நம்பினார்கள். அப்பாவும் அந்த நம்பிக்கையோடுதான் மலையிறங்கினார். "என் கையில ஒரு தோட்டம் கெடைச்சா, ஒரு குச்சியக்கூட வீணாக் கொளுத்த மாட்டேன்" என்று அவர் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த எண்ணம் அவருக்குக் கருணையாகவே இருந்தது. இன்றும் அதை நான் வேறு பெயரால் சொல்லத் துணியமாட்டேன்.

ஆகவே பிடுங்கிய கட்டைகளை அளவாக நறுக்கி, தோட்டத்தில் களையெடுக்க வந்த ஜீடிமெட்லாப் பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு கட்டு கொடுத்தார். மீதியை எங்கள் அடுப்படியில் அம்மா அடுக்கினாள். கல்யாணச் சமையலுக்கு விறகு வாங்குவதே பெரிய செலவு என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கவலை ஒரே நாளில் தீர்ந்தது. அதற்குக் 'கல்யாண விறகு' என்று பெயர் வைத்து, தினச் சமையலுக்கு ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை போட்டாள். அப்பா அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ரயிலேறினார்.

அம்மா சமவெளியில் பிறந்தவள். மலைமேல் ஏறியதே இல்லை. ஐப்பசி பிறந்து விறகுக்கடியில் மாவு மாதிரித் தூள் உதிர ஆரம்பித்தபோது, "நல்லாக் காஞ்சுடுச்சுடி, ஒரு ஊது ஊதுனா பத்திக்கும்" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டு பெருக்கித் தள்ளினாள். சத்தம் கேட்டபோது எலி என்றாள். பிறகு ஒருநாள் காலையில், கட்டை ஒன்றின் பக்கவாட்டில் வட்டமான ஒரு துளை விழுந்து, அதிலிருந்து முதலில் இரண்டு மீசை, அப்புறம் ஒரு தலை, அப்புறம் கோடு போட்ட முழு வண்டு ஒன்று வெளியே வந்ததை அக்காவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அழகான வண்டு. மறுநாள் ஏழெட்டு வந்தன. அதற்கு மறுநாள் அடுப்படி முழுக்க. அவை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் போய்ப் போய் மூடிய கதவில் முட்டிக்கொண்டன.

"பாவம்டா, வழி தெரியாமத் தவிக்குதுங்க" என்று சொல்லி அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஒவ்வொன்றாக வெயிலில் பறந்து, கிணற்றைத் தாண்டி, காப்பிச் செடிகளை நோக்கிப் போயின. அதன் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பது அவள் வேலையாயிற்று.

கார்த்திகை நடுவில் அப்பா வந்தார். மிஷினை நவாப் சாகிப்பின் வீட்டில் இறக்கிவிட்டு, வெல்லமும் அக்காவுக்கு ஒரு சேலம் பட்டுமாகச் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தார். நான் அவருக்காகச் சேர்த்துவைத்திருந்த பரிசைக் கொண்டுபோய் நீட்டினேன். தீப்பெட்டிக்குள் ஐந்து வண்டுகள்.

அப்பா பெட்டியைத் திறந்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"செடியிலயா புடிச்சே?"

"இல்லப்பா. நம்ம விறகுல. நெறைய வருது. அக்கா ஜன்னல் வழியா வெளிய விட்டுடும்."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். ஒரு கட்டையை உருவித் தரையில் தட்டினார். பொலபொலவென்று தூள் கொட்டியது. இன்னொன்றைத் தட்டினார். இன்னொன்றை. துளை இல்லாத கட்டை ஒன்றுகூட இல்லை. கையிலிருந்ததைக் கீழே வைக்காமல் அங்கேயே குந்திக்கொண்டார். யாரிடமும் இல்லாமல், மிக மெதுவாகச் சொன்னார்: "அதுக்குத்தான் தொரை கொளுத்துனானா."

அன்று மாலை வாசலில் கல்யாண விறகு எரிந்தது. "ஏங்க, வண்டுதான் போயிடுச்சே, கட்டையாவது இருக்கட்டுமே" என்று அம்மா அழுதாள். அப்பா காதில் விழவில்லை. மறுநாள் ஜீடிமெட்லாவுக்குப் போய், கொடுத்த கட்டுகளைத் திருப்பிக் கேட்டார். நானும் கூடப் போனேன். காரணம் சொல்லிப் புரியவைக்க அவருடைய தெலுங்கு போதவில்லை. எல்லம்மா என்கிற பெண், கொடுத்ததையே திரும்ப வாங்கிக்கொள்கிறாயா என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "இச்சிந்தி மள்ளா தீஸ்குண்டாவா மேஸ்திரி? பிட்ட பெண்டிலிகா?" மகள் கல்யாணத்துக்கா என்றதும் மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுக்கு வீடு போய், மிச்சமிருந்த குச்சிகளைப் பொறுக்கித் தலையில் சுமந்துவந்தார். அவற்றிலும் துளைகள்தான் இருந்தன.

இப்போது இருந்தது ஒரே கேள்வி. செடிகளின் பட்டைக்குள் முட்டை போய்விட்டது. ஆனால் வெளியே எதுவும் தெரியாது. காய்கள் சிவந்துகொண்டிருந்தன, தையில் அறுவடை நடக்கும், நவாப் சாகிப் காப்பி குடிப்பார், வீடு பக்கா ஆகும், அக்கா லாலாகுடாவுக்குப் போய்விடுவாள். செடிகள் மஞ்சளாவது அடுத்த ஆடியில்தான்.

"தை மட்டும் முடியட்டுங்க" என்றாள் அம்மா. "அப்புறம் நீங்க யார்கிட்ட வேணாலும் சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"இப்பவே பட்டையத் தேச்சு உரிச்சா பாதிச் செடி பொழைக்கும். நம்ம நாலு கையால ஆகாது. ஆள் வேணும்னா அவங்ககிட்டச் சொல்லித்தான் ஆகணும்."

"செடிதான் ஒங்களுக்குப் பெருசு. பொண்ணு பெருசில்ல."

"அந்தச் செடியக் காட்டித்தானே பொண்ணுக்குச் சம்பந்தம் பேசுனோம்?"

அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன். அவள் துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் தோளில் போட்டுக்கொண்டு முன்ஷியைப் பார்க்கப் போனார்.

நவாப் சாகிப் கோபப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை பிழைக்கும்?" என்று மட்டும் கேட்டாராம். பாதி என்று அப்பா சொன்னார். அந்தப் பாதியைக் காப்பாற்றப் பத்துப் பெண்களைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டு விஷயம் மழைக்காலத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். அது மறுப்புத்தான் என்று முன்ஷியே வெளியே வந்து சொல்லிவிட்டார்.

பிறகு அந்த மார்கழி முழுக்கச் செடிகளைத் தேய்த்தோம். கோணிச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, தண்டைப் பிடித்து மேலும் கீழும் தேய்த்தால் காய்ந்த பட்டையும் அதோடு முட்டையும் உதிரும். அழுத்தினால் செடிக்குக் காயம். அழுத்தாவிட்டால் முட்டை தங்கிவிடும். பத்துப் பெண்களோடு அம்மாவும் அக்காவும் நானும் தேய்த்தோம். அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் எல்லாரையும்விட வேகமாகத் தேய்த்தது அவள்தான். கல்யாணப் பெண் கைக்கு மருதாணி அரைத்து வைக்க வேண்டிய மாதத்தில், அக்காவின் உள்ளங்கை தோலுரிந்து, சாக்கின் நார் குத்திக் கறுத்துக் கிடந்தது. ராத்திரிச் சோற்றைப் பிசைய முடியாமல் அவள் கரண்டியால் சாப்பிட்டாள்.

அந்தக் கையை அங்கம்மா அத்தை பார்த்தாள். செய்தி லாலாகுடாவுக்கு எப்படியோ போயிருந்தது. அவள் ஒரு மத்தியானம் வந்து, தண்ணீர்கூட வாங்காமல் உட்கார்ந்து, அக்காவைக் கூப்பிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"எனக்கு ஒன்னும் மறைக்கத் தெரியாதுண்ணே. மேஸ்திரி வீட்டுப் பொண்ணுன்னுதான் எம்மவன் சம்மதிச்சான். ஒனக்கு வீடும் இல்ல, வேலையும் ஆடி வரைக்குந்தான். நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. ஏண்ணே சொன்னே?"

அத்தை போகும்போது அக்காவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அப்பா சொன்ன பாதியும் பிழைக்கவில்லை. நாங்கள் தேய்க்கத் தொடங்கும் முன்பே பெரும்பாலான புழுக்கள் உள்தண்டுக்குள் போய்விட்டிருந்தன. தையில் பறித்த காய் நவாப் சாகிப்பின் கோப்பைக்குப் போயிற்று; வீடு எங்களுக்கு வரவில்லை. ஆடியில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. அப்பா மறுபடியும் வரிசை வரிசையாகக் குத்துக்காலிட்டுப் பார்த்து, அநேகமாக எல்லாச் செடியையும் பிடுங்கி, கிணற்றுக்கு அப்பால் குழி வெட்டி, அன்றன்றைக்கே கொளுத்தினார். ஒரு குச்சி மிச்சம் வைக்கவில்லை. எல்லம்மா வந்து பார்த்துவிட்டு, பிளந்த கட்டையில் புழுவைக் கண்டு, அன்று சிரித்ததற்காகவோ என்னவோ, கூலி கேட்காமல் இரண்டு நாள் கட்டை சுமந்தாள். கடைசிக் குழி எரிந்து முடிந்ததும் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம்.

அப்பாவுக்கு லாலாகுடா ரயில்வே யார்டில் கரி அள்ளும் வேலை கிடைத்து, அங்கேயே குடிபோனோம். தோட்டத்திலிருந்து எந்தப் பள்ளிக்கூடமும் எட்டாத தூரம்; லாலாகுடாவில் வீட்டு வாசலிலேயே பள்ளிக்கூடம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கற்றவன் நான் ஆனது அப்படித்தான். தோட்டம் பிழைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். செடிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்திருப்பேன். அதை நினைத்துச் சந்தோஷப்பட எனக்கு இதுவரை முடியவில்லை. அக்காவை இரண்டு வருஷம் கழித்துக் காஜிபேட்டையில், மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு ரயில்வே பாயிண்ட்ஸ்மேனுக்குக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான். அவருக்கு அப்பாவைவிட இரண்டு வயது குறைவு.

போன மாதம் அக்கா வந்திருந்தபோது, எதற்கென்று சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனாள். மாமரங்களில் பாதியை யுத்தகாலத்தில் வெட்டிவிட்டார்கள். நிழல் இருந்த இடமெல்லாம் இப்போது வெயில்; கத்தரியும் முட்டைக்கோசும் பாத்தி பாத்தியாக நிற்கின்றன. எங்கள் வீடு இருந்த இடத்தில் உரக்குவியல். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரிடம், இங்கே காப்பித் தோட்டம் இருந்ததே என்று கேட்டேன். "காப்பியா, இக்கடா?" என்று அவர் சிரித்தார். அக்கா பாத்தி வரப்பில் சிறிது நேரம் நின்றிருந்துவிட்டு, போகலாம் என்றாள். வழியெல்லாம் தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

நான் இப்போது ஸ்டோர்ஸ் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். அந்தப் பழக்கத்தில், அன்று வீடு வந்ததும், அம்மாவைக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும், அந்தக் காலத்து நிஜாம் நாணயமான ஹாலி ரூபாய்க் கணக்கில், ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். செடிகள் வந்த ரயில் கூலிக்காக முன்ஷி பிடித்துக்கொண்ட அப்பாவின் சம்பளம், நிச்சயத் தட்டில் வைத்துத் திரும்பி வராமல் போனவை, பாதி விலைக்கு விற்ற பட்டு, காஜிபேட்டைக் கல்யாணத்துக்கு வாங்கிய கடனும் அதன் வட்டியும். அக்காவை எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை. அவளை விட்டுவிட்டுக் கூட்டினால், இருநூற்றுப் பதினேழு ஹாலி ரூபாய்.